அடிச் சத்தம்

அம்பத்தூரில் ஆடி மாத மேடையில் ஏறி பேஸ் கிடாரின் ஜாக்கைச் சொருகினால், பாட்டுக்கு முன்னால் கரண்டின் ரீங்காரம் வந்துவிடும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. பேஸின் தடித்த ஈ கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். அடுத்த ஏ கம்பி 55. ஈ கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் பிறக்கிற ஜி சுரம் 49. மேடை இரைச்சலுக்கும் அந்த ஜிக்கும் ஒரே ஒரு ஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஜியில் வந்து உட்காருகிற பாட்டு என்றால் இரண்டும் மோதி, நொடிக்கு ஒருமுறை சத்தம் பெருத்துச் சிறுக்கும். எண்பதுகளின் கோடை இரவுகளில் இன்னொன்றும் நடந்தது. தென்மாநில கிரிட்டில் தேவைக்கு மின்சாரம் இல்லாமல் அதிர்வெண் 49-க்கும் கீழே சரிந்துகொண்டிருந்த காலம் அது. ரீங்காரம் மெல்ல இறங்கி ஜியிலேயே வந்து நின்றுவிடும். 2013 டிசம்பர் 31 அன்று தென்மாநில கிரிட் தேசிய கிரிட்டோடு இணைந்தது. இப்போது 50-ஐ விட்டு அது அதிகம் நகர்வதில்லை. ரீங்காரம் மட்டும் போகவில்லை.

அக்கா மகள் பேஸ் வாசிக்கிறாள். அவளுக்கு ஒரு ப்ராசஸர் வாங்க வேண்டியிருந்தது. கம்ப்ரஷன், ஓவர்டிரைவ், கோரஸ், விதவிதமான ஆம்ப்களின் குரல் என்று எல்லாவற்றையும் ஒரே டப்பாவுக்குள் வைத்துக் காலால் மிதித்து மாற்றுகிற மல்டி எஃபெக்ட்ஸ் பெடலை நம் ஊர் வாத்தியக்காரர்கள் ப்ராசஸர் என்றுதான் சொல்வார்கள். “எது வாங்கலாம் மாமா?” என்று கேட்டாள். எந்த மாடல் என்பது பிறகு. என் மனதில் வரிசையாக எழுந்த கேள்விகள் எல்லாம் இந்த ஊர் மேடைகள் கொடுத்தவை. அவற்றை அவளிடம் முழுதாகச் சொல்ல ஒரு சாயங்காலம் போதவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் பேஸ் எடுத்த நாளில் அம்பத்தூர் மெஷின்களின் ஊர். 1964-இல் தொடங்கிய தொழிற்பேட்டை, டி.ஐ. சைக்கிள், டன்லப், பாடிப் பக்கம் டி.வி.எஸ். கம்பெனிகள். ஷிஃப்ட் விடும் நேரத்தில் சி.டி.எச். ரோடு முழுக்க சைக்கிள். பகலில் எஸ்டேட்டில் லேத்தில் நிற்கிறவன், ராத்திரி லைட் மியூசிக் மேடையில் பேஸோடு நிற்பான். தபலாக்காரர் ஆவடியிலிருந்து ரயிலில் வருவார். லீட் கிடார் பெரம்பூர் ரயில்வே காலனிப் பக்கம். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் சர்ச் குழுக்களும் இருந்ததால் அந்தப் பக்கத்தில் கிடார் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆடி வந்தால் ஓ.டி.யிலிருந்து கள்ளிக்குப்பம் வரைக்கும் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றி முடித்த ராத்திரி ப்ரோகிராம். விடிய விடிய நடக்கும்.

பேஸுக்கென்று தனி ஆம்ப் எங்கள் குழுவில் இல்லை. மைக் செட்காரர் கொண்டுவருகிற அஹுஜா ஆம்ப்ளிஃபயரில் பாடகர்களின் மைக்குகள் போக மீதியிருக்கும் இன்புட்டில் பேஸ் போகும். அங்கிருந்து தெருக்கோடி வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கருக்கு. குழாய் ஸ்பீக்கரில் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக எதுவும் வெளியே வராது. நான் வாசித்ததில் பெரும்பங்கு அந்த வேப்பமரத்தை எட்டவே இல்லை. மேடைக்குப் பக்கவாட்டில் வைத்த பெட்டி ஸ்பீக்கர்களுக்கு எதிரே மணலில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு மட்டும் பேஸ் நெஞ்சில் இடிக்கும். அவர்களுக்காகத்தான் வாசித்தேன் என்றுகூடச் சொல்வேன். முன்வரிசையில் ஒரு பையன் தலையாட்டாமல் உடம்பை மட்டும் ஆட்டினான் என்றால் பேஸ் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

பேஸ் கற்றுக்கொண்டதும் அடிச் சத்தம் இல்லாத ஸ்பீக்கரில்தான். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஸ்டாப் பக்கம் ஒரு டீக்கடை. அதன் ரேடியோவில் இளையராஜா பாட்டு வந்தால் டீ ஆறிப்போகும். அவர் பாட்டுகளில் பேஸ் என்பது ராகத்துக்கு அடியில் தாளம் போடுகிற வேலைக்காரன் இல்லை. அது தனியாக இன்னொரு மெட்டைப் பாடிக்கொண்டு போகும், மேலே போகிற மெட்டோடு பேசும், சில இடங்களில் எதிர்த்தும் பேசும். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்த, தானே கிடார் வாசிக்கிற ஒருவர் எழுதிய பேஸ் அது. ‘மூடுபனி’ (1980), ‘மௌன ராகம்’ (1986) பாடல்களைப் பாடகர்களின் குரலை மனதுக்குள் ஒதுக்கிவைத்துவிட்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சசிதரன் போன்றவர்கள் இளையராஜாவின் குழுவில் உட்கார்ந்து வாசித்த பேஸை, என் தலைமுறைக்காரர்கள் டூ-இன்-ஒன்னில் எக்கோ கேசட்டை ஓட்டி நிறுத்தி, ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சுரமாகக் கம்பியில் தேடினோம்.

டீக்கடை ரேடியோவின் கையகல ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸைத் தரவே முடியாது. ஆனாலும் எங்களுக்குக் கேட்டது. காரணம், ஒரு கம்பி அதிரும்போது 41 மட்டும் பிறப்பதில்லை. 82, 124, 165, 206 என்று அதன் மடங்குகளும் கூடவே பிறக்கின்றன. அடி வராமல் மடங்குகள் மட்டும் வந்தாலும், இவை எந்த அடியிலிருந்து வந்தவை என்று மூளை கணக்குப் போட்டு, விட்டுப்போன சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. இல்லாத சத்தத்தைக் கேட்டுத்தான் தமிழ்நாட்டில் பாதிப் பேர் பேஸை நேசித்தார்கள். இந்த விஷயம் ப்ராசஸர் தேர்வுக்கு நேராக வந்து சேரும். கொஞ்சம் பொறுங்கள்.

எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த டூல் ரூமில் எனக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். அண்ணன் என்றே எல்லோரும் கூப்பிடுவோம். தகட்டு வேலை, ஃபிட்டிங், ரேடியோ ரிப்பேர் மூன்றும் அவர் கைக்கு வரும். வெளிநாட்டு ரெக்கார்டுகளில் பேஸ் உறுமுகிறதே, அதுபோல நமக்கு வேண்டும் என்று சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போய்விட்டார். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் அப்போது ஏ.சி. 128 என்ற ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரைச் செய்துகொண்டிருந்தது. ரேடியோ ரிப்பேர்காரர்கள் சில்லறைக்கு வாங்குகிற சாமான். அதில் இரண்டு, கொஞ்சம் ரெசிஸ்டர், கண்டன்சர், இரண்டு வால்யூம் கண்ட்ரோல். எஸ்டேட்டில் மீந்த எஃகுத் தகட்டை மடித்து, மூலைகளில் ரிவெட் அடித்து, லேத் மெஷின்களுக்கு அடிக்கிற சாம்பல் நிறச் சொரசொரப்புப் பெயிண்டை அடித்தார். மூடியின் உள்பக்கம் பென்சிலால் சர்க்யூட்டை வரைந்துவைத்தார், பின்னால் யார் திறந்தாலும் தெரிய வேண்டும் என்று. திறந்தால் சால்டர் பேஸ்ட் வாசனை வரும். காலால் மிதித்தால் மடக்கென்று ஒரு சத்தம், அப்புறம் உறுமல்.

ஜெர்மேனியத்துக்குச் சூடு ஆகாது. மத்தியான வெயிலில் மேடையில் வைத்தால் உறுமல் திக்கித் திக்கி வரும். பொழுது சாய்ந்து தகடு குளிர்ந்ததும் சரியாகும். அது பரவாயில்லை. பெரிய குறை வேறு. பெடலை மிதித்ததும் உறுமல் வரும், அடி காணாமல் போகும். அலையின் தலையையும் காலையும் வெட்டி மடங்குகளைப் பெருக்குகிற சர்க்யூட் அது. கீழ்ச் சுரங்கள் ஒல்லியாகிவிடும். மணலில் உட்கார்ந்த பையன் ஆடுவதை நிறுத்திவிடுவான்.

அண்ணன் ஒரு ப்ரோகிராம் முழுக்க மேடைக்குக் கீழே நின்று கேட்டுவிட்டு வந்தார். “உறுமுறது நல்லாத்தான் இருக்கு. ஆனா அடிச் சத்தம் போயிடுச்சுன்னா நீ எதுக்குடா மேடையில நிக்கிற?” என்றார். பெட்டியைத் திறந்து, உள்ளே வரும் சத்தத்தை இரண்டாகப் பிரித்தார். ஒரு வழி டிரான்சிஸ்டர்களுக்குள் போய் உறுமும். இன்னொரு வழி எதையும் தொடாமல் நேராக வெளியே வரும். இரண்டையும் கலக்க ஒரு குமிழ். அடி நின்றது, அதன் மேல் உறுமல் உட்கார்ந்தது. பீட்டில்ஸ் 1965-இல் ‘ரப்பர் சோல்’ ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு இதையே வேறு மாதிரி செய்திருக்கிறார்கள்: பால் மெக்கார்ட்னி சாதாரண பேஸ் ஒன்றும், ஃபஸ் என்கிற உறுமல் ஏற்றிய பேஸ் ஒன்றும் தனித்தனியாக வாசித்து இரண்டையும் சேர்த்தார்கள். அண்ணனுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. அவர் கேட்டுக் கண்டுபிடித்தார். அந்த ஏ.சி. 128, லண்டனில் 1966-இல் வந்த புகழ்பெற்ற ஃபஸ் ஃபேஸ் பெடலிலும் போடப்பட்ட டிரான்சிஸ்டர். பெங்களூரில் செய்த பழைய ஏ.சி. 128-ஐ இன்று உலகத்தில் எங்கெங்கோ பெடல் செய்கிறவர்கள் தேடி வாங்குகிறார்கள்.

தொண்ணூறுகளை வேகமாகச் சொல்லிவிடலாம். பாஸ் கம்பெனி எம்.இ.-5 என்ற மல்டி எஃபெக்ட்ஸை 1988-லேயே கொண்டுவந்திருந்தது. டோக்கியோவின் ஜூம் கம்பெனி பேஸுக்கென்றே 506 என்ற சிறிய ப்ராசஸரைக் கொண்டுவந்தது. 1991-க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்தாலும், எங்கள் வட்டாரத்துக்கு இவையெல்லாம் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிற யாரோ ஒருவரின் பெட்டிக்குள்தான் வந்தன. ‘ரோஜா’ 1992-இல் வந்தது. சி.டி. வந்தது, வீட்டில் பெரிய ஸ்பீக்கர் வந்தது, ரஹ்மானின் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸ் வாசித்த பேஸ் நிஜமாகவே தரையை அதிரவைத்தது. அடிச் சத்தத்தை மூளை நிரப்ப வேண்டிய அவசியம் கொஞ்ச காலத்துக்கு இல்லாமல் போனது.

இப்போது அக்கா மகளின் காலம். எஸ்டேட்டில் நான் லேத் ஓட்டிய பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள். அவற்றில் ஒன்றில் அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சிக்குள் போய்விட்டது, ஏழாவது மண்டலம். அவளுக்கு பேஸ் ஆசை வந்தது மோகினி டே வாசிப்பதைப் பார்த்து. ரஹ்மானின் மேடையில் ஒரு பெண் பேஸோடு நின்று அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்த பிறகு அவளை யாரும் வீணை கிளாஸுக்கு அனுப்ப முடியவில்லை. வாரம் தவறாமல் சர்ச்சில் வாசிக்கிறாள், ஆபீஸ் நண்பர்களோடு ஒரு பேண்டும் இருக்கிறது.

எனக்கு ஒரே ஒரு பெட்டி, அதுவும் செய்து வாங்கியது. அவள் முன்னால் பெட்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஜூமில் பி1 ஃபோர், பாஸில் 2017-இல் வந்த ஜி.டி.-1பி, லைன் 6-இல் 2018-இல் வந்த ஹெச்.எக்ஸ். ஸ்டாம்ப், சீனத் தயாரிப்பில் வேலட்டன், நக்ஸ், மூவர் என்று போகிறது. விலையும் ஒன்றுக்கொன்று பல மடங்கு. ஒவ்வொன்றிலும் எத்தனை எஃபெக்ட், எத்தனை பேட்ச் (சேமித்துவைத்து மிதித்ததும் வருகிற சத்த அமைப்பு) என்ற எண்ணிக்கை பெரிய எழுத்தில் இருக்கிறது. அந்த எண்ணிக்கையைத்தான் அவள் முதலில் ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். “இதுல இருக்கறதெல்லாம் அதுல இல்ல மாமா.” இருக்கலாம். ஒரு பேஸ்காரருக்குக் கூட்டம் காத்திருப்பது இரண்டு மூன்று சத்தங்களுக்கு. அந்த இரண்டு மூன்றும் அடியை விடாமல் பிடித்திருக்கின்றனவா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றேன்.

அதை இயர்போனில் பார்க்க முடியாது. கடையின் சின்ன அறையில், தனியாக, சத்தம் கூட்டி வாசித்தால் எந்தப் பெடலும் நன்றாகவே இருக்கும். டிரம்ஸின் கிக்கும் கீபோர்டின் இடது கையும் சேரும்போதுதான் பேஸுக்கு இடம் இருக்கிறதா என்பது தெரியும். கேட்டால் கொடுக்கிற நண்பர்கள் எங்களுக்கு இருக்கிறார்கள். பி1 ஃபோர், ஜி.டி.-1பி, ஹெச்.எக்ஸ். ஸ்டாம்ப் மூன்றையும் கடன் வாங்கி, சர்ச் ஹாலில் முழுக் குழுவோடு வைத்துப் பார்த்தோம். அவள் வாசித்தாள்; நான் ஹாலின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அண்ணன் செய்ததும் அதுதான், மேடைக்குக் கீழே நின்று கேட்பது. வாசிக்கிறவருக்குத் தன் பேஸ் கேட்கிற விதமும் கடைசி வரிசைக்குக் கேட்கிற விதமும் வேறு.

முதலில் கம்ப்ரஷன். பேஸில் ஒரு சுரம் முட்டும், ஒரு சுரம் பதுங்கும். விரலின் பலம் மாறிக்கொண்டே இருக்கும். முட்டுவதை அமுக்கிப் பதுங்குவதை ஏற்றி ஒரே உயரத்தில் நிறுத்துவது கம்ப்ரஷனின் வேலை. சினிமாப் பாட்டில் கேட்கிற அந்த நிதானமான பேஸுக்குப் பாதிக் காரணம் இது, மீதி பாதி விரல். ஆனால் அட்டாக் என்கிற குமிழை ரொம்ப வேகமாக வைத்தால், கம்பியை விரல் தொடுகிற அந்த முதல் ‘டக்’ அமுங்கிப்போகும். டக் போனால் கிக்கோடு பூட்டிக்கொள்ள எதுவும் இல்லை. கடைசி பெஞ்சுக்கு பேஸ் ஒரு மூட்டமாக வந்தது. அட்டாக்கைத் தாமதமாக்கச் சொன்னேன். சுரங்கள் தனித்தனியாக எழுந்து நின்றன. மூன்று பெடலிலும் இதைச் சரிசெய்ய முடிந்தது. பேட்ச்சின் அலங்காரப் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இந்தக் குமிழைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம்.

அடுத்தது ஓவர்டிரைவ், அதாவது அந்த உறுமல். இங்கேதான் அண்ணனை நினைத்துக்கொண்டேன். பெரும்பாலான கிடார் ஓவர்டிரைவ்கள் பேஸின் அடியைச் சாப்பிட்டுவிடும். கிடாருக்கென்று செய்ததை பேஸுக்கு வாங்கி ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஜூமின் பேஸ் டிரைவ்களில் பேலன்ஸ் என்று ஒரு குமிழ் இருக்கிறது, மூலச் சத்தத்தையும் உறுமலையும் கலக்க. ஸ்டாம்ப்பில் சத்தத்தையே இரண்டு வழியாகப் பிரித்து, ஒன்றைத் தொடாமல் விட்டு, கடைசியில் சேர்க்கலாம். எஸ்டேட் தகட்டுப் பெட்டியில் இருந்த அந்த இரண்டாவது வழி கண்ணாடித் திரையில் கோடாகத் தெரிந்தது. அவளுக்கு அதைக் காட்டிக்கொண்டே அண்ணன் கதையைச் சொன்னேன். குமிழைப் பாதிக்குக் கீழே இறக்கி ஈ கம்பியை மீட்டினாள். ஹாலின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, உறுமலும் இருந்தது.

உறுமல் எதற்கு என்று சர்ச்சின் பாட்டுக் குழுவில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. மேலே சொன்ன டீக்கடை ரேடியோவை இப்போது திருப்பிக் கொண்டுவர வேண்டும். அவள் வாசிப்பதைப் பெரும்பாலோர் கேட்பது செல்போனில். ஆராதனை முடிந்த கையோடு வீடியோ போய்விடுகிறது. செல்போன் ஸ்பீக்கரும் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் தராது. குழாய் ஸ்பீக்கரின் வாரிசு அது. சுத்தமான பேஸ் அதில் இல்லவே இல்லாமல் போகும். கொஞ்சம் ஓவர்டிரைவ் சேர்த்தால் மடங்குகள் பெருகும். மடங்குகள் செல்போனில் வரும். மீதியை மூளை நிரப்பிக்கொள்ளும். உறுமல் என்று காதுக்குத் தெரியாத அளவுக்குத்தான் சேர்க்க வேண்டும். ஹாலில் இருப்பவர்களுக்கு அடி, வீட்டில் செல்போனோடு இருப்பவர்களுக்கு மடங்கு, ஒரே பேட்ச்சில் இரண்டும். நல்ல பேஸ் ப்ராசஸரின் பரீட்சை இது என்று நான் நம்புகிறேன்.

கோரஸ், ஆக்டேவர், ஆட்டோ வா எல்லாவற்றையும் ஒருமுறை மிதித்துப் பார்த்தாள். ஆக்டேவர் கீழ் ஈ கம்பியில் தடுமாறியது. அது அந்த எஃபெக்ட்டின் இயல்பு, எந்தச் சுரம் என்று கண்டுபிடிக்க அலை ஒரு முழுச் சுற்றாவது வர வேண்டும், கீழே போகப்போகச் சுற்று நீளும். மேல் கம்பிகளில் இனிமையாக இருந்தது. கோரஸ் மெதுவான பாட்டில் அழகு. சேர்த்து இரண்டு பேட்ச்.

அதைவிட முக்கியமான ஒன்றை யாரும் பேசுவதில்லை: வயர் எங்கே போகிறது? மேடையில் இப்போது பேஸ் ஆம்ப் அநேகமாக வைப்பதில்லை. பெடலிலிருந்து நேராக மிக்ஸருக்கு, காதில் இயர்பீஸ். டெட்ராய்ட்டில் அறுபதுகளிலேயே ஜேம்ஸ் ஜேமர்சன் ஆம்ப் இல்லாமல் நேராக ஸ்டூடியோ கன்ஸோலுக்குள் வாசித்து அந்த ஊர்ப் பாட்டுகளின் முதுகெலும்பாக இருந்தார். பழைய கம்பி, ஆள்காட்டி விரல் ஒன்று, எஃபெக்ட் ஒன்றும் இல்லை. நேராகப் போவது புதிதல்ல. ஆனால் எங்கள் மேடையிலிருந்து மிக்ஸர் பந்தலின் மறுகோடியில் இருக்கும். அத்தனை நீளத்துக்குச் சாதாரண கிடார் கேபிள் போட்டால் வழியெல்லாம் சீரியல் செட்டின் இரைச்சலை அள்ளிக்கொண்டு போகும். எக்ஸ்.எல்.ஆர். கேபிளில் இரண்டு வயர்களில் ஒன்றுக்கொன்று நேரெதிராகச் சத்தம் போகும். வழியில் ஏறிய இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறுவதால் மறுமுனையில் ஒன்றையொன்று கழித்துவிடும். நாங்கள் பார்த்த மூன்று பெடலிலும் எக்ஸ்.எல்.ஆர். சாக்கெட் இல்லை. பெரிய மாடல்களில் இருக்கிறது. சின்னதை வாங்குகிறவர், பெடலின் சத்தத்தை எக்ஸ்.எல்.ஆருக்கு மாற்றித் தருகிற டி.ஐ. பாக்ஸ் ஒன்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும், ரீங்காரத்தை அறுக்கிற கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் உள்ளதாக.

அப்புறம் கரண்ட். இந்தப் பெடல்களின் அடாப்டர் 9 வோல்ட், நடு ஊசி நெகட்டிவ். வீட்டில் கிடக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடு ஊசி பாசிட்டிவ். அவசரத்தில் மேடைக்காரரிடம் இரவல் வாங்கிச் சொருகினால் பெடலுக்கு ஆபத்து. பி1 ஃபோரும் ஜி.டி.-1பியும் நான்கு பென்சில் பேட்டரியில் ஓடும். ஸ்டாம்ப்புக்கு அதன் அடாப்டர் வேண்டும். பேட்டரியின் அருமை மேடையில்தான் தெரியும். அடாப்டரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் போட்டதும், பெடலுக்கும் மிக்ஸருக்கும் நடுவே கரண்ட் வழியாக இருந்த தொடர்பு அறுந்து, ஹாலில் கேட்டுக்கொண்டிருந்த ரீங்காரம் பெருமளவு நின்றது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்த ஒரு நொடியில் ஜி சுரம் ஜியாக மட்டும் கேட்டது.

விடிய விடிய வாசித்த காலத்தில் என்னிடம் இந்த வசதி எதுவும் இல்லை. வசதி வந்தபோது மேடை குறைந்துவிட்டது. ஒலி மாசு விதிகள் 2000-இல் வந்த பிறகு ராத்திரி 10 மணிக்கு மேல் ஸ்பீக்கர் கூடாது. கோயில் ப்ரோகிராம்களில் பல இடங்களில் பாடகர்களும் ஒரு லேப்டாப்பும் போதும் என்று ஆகிவிட்டது. பேஸ் ட்ராக்கிலேயே வந்துவிடுகிறது. எத்தனையோ நல்ல பேஸ்காரர்கள் வேறு தொழிலுக்குப் போனதை நான் பார்த்தேன். அது எனக்கு ஆறாத வருத்தம். சர்ச்சுகள்தான் இந்தப் பக்கத்தில் ஆள் வைத்து வாசிக்கிற பழக்கத்தை விடாமல் காப்பாற்றுகின்றன. கொரட்டூரிலிருந்து ஆவடி வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் நடந்தால் ஏதாவது ஒரு ஜன்னலிலிருந்து நிஜமான பேஸ் கேட்கும். அங்கே பதினைந்து வயதுப் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் சரியான பெடல் போய்ச் சேர்வது சின்ன விஷயம் இல்லை.

கடைசியில் அவள் பி1 ஃபோரை எடுத்தாள். ஸ்டாம்ப்பின் குரல் இன்னும் ஆழமானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பணம் இருந்து, ரிக்கார்டிங்கும் செய்கிறவருக்கு அதைத்தான் சொல்வேன். ஜி.டி.-1பியின் கால் பெடல் வசதியானது. ஆனால் அவள் வாசிப்பது ஒரு ஹாலிலும் ஒரு பேண்டிலும். பி1 ஃபோரில் ஒரே நேரத்தில் ஓடுகிற ஐந்து எஃபெக்ட் போதாத பாட்டு அங்கே இல்லை. மிச்சமான பணத்தில் ஒரு பகுதியை பேஸுக்கே செலவு செய்யச் சொன்னேன்: ஃப்ரெட்டுகளைச் சமன்செய்து, கம்பியின் உயரத்தைச் சரிபார்த்து, புதுக் கம்பி. ஏழாவது ஃப்ரெட்டில் டக்கென்று தட்டுகிற கம்பியை எந்த ப்ராசஸரும் சரியாக்காது. கம்ப்ரஷன் அந்தத் தட்டலையும் சேர்த்துத் தூக்கிக் காட்டும்.

பேட்ச்களின் வால்யூமை எல்லாம் ஒரே அளவுக்கு ஹாலில் வைத்தே சமன்செய்தோம். வீட்டில் செய்தால் மேடையில் ஒன்று கத்தும், ஒன்று முனகும். டியூனரை மிதித்தால் சத்தம் முழுக்க நிற்கும்படி வைத்தாள், பாட்டுக்குப் பாட்டு நடுவில் கம்பி முறுக்குவது சபைக்குக் கேட்கக் கூடாது என்று. 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுகிற ஃபில்டர் ஒன்றைக் கடைசியில் போடச் சொன்னேன். அங்கே பாட்டு எதுவும் இல்லை, விரல் உரசலும் மேடையில் ஆள் நடக்கிற அதிர்வும்தான், அவை ஸ்பீக்கரின் பலத்தை வீணாகத் தின்னும். அதற்கு அவள் ஒரு கேள்வி கேட்டாள்: “ஐந்து கம்பி பேஸ் வாங்கினா, கீழ் பி 31 தானே மாமா, அப்ப இதையும் இறக்கணுமே?” ஆமாம், இறக்க வேண்டும்.

டி.ஐ. பாக்ஸ் இன்னும் வாங்கவில்லை. சனிக்கிழமை மௌண்ட் ரோட்டில் மியூஸி மியூசிக்கலுக்குப் போகலாம் என்றிருக்கிறாள். 1842-இல் தொடங்கிய கடை, எனக்கும் அங்கே கம்பி வாங்கிய பழக்கம் உண்டு. கடையின் கிடாரில் பார்க்காதே, உன் பேஸையும் பெடலையும் எடுத்துக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன். அம்பத்தூர் ஸ்டேஷனில் ஒன்பதரை மணிக்கு. நான் பெடலையும் கேபிளையும் தூக்கிக்கொள்வேன், பேஸை அவள் தூக்கட்டும்.